விரல் அறியும் வங்கி அட்டை

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை வரிசைப்படுத்தும்பொழுது நம் முன்னோர் மெய்யையே முதலில் வைத்தனர். தொல்காப்பியம் உயிர்களை அவற்றின் அறிவின் அளவால் ஆறாக வகுக்கும் இடத்திலும், ஓரறிவுடைய புல்லுக்கும் மரத்திற்கும் உரிய அறிவாகக் கூறுவது தொட்டறியும் அறிவையே. உயிர் என்று ஒன்று இருந்தால் அதற்கு முதலில் வாய்ப்பது தொடுவுணர்வுதான் என்பது இதனால் விளங்கும்.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. விடியுமுன் தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். பட்டையில் உளி எவ்வளவு ஆழம் இறங்குகின்றது என்பதை அவர்களுக்குச் சொன்னது கண்ணன்று, கையே. சற்று மேலாகச் சீவினால் பால் குறையும். சற்றே ஆழ்ந்துவிட்டால் மரம் காயப்படும். அந்த மெல்லிய எல்லையை விரல்கள் அறிந்திருந்தன.

அத்தகைய கைகளுக்கு இன்று ஒரு புதிய இடர் வந்திருக்கின்றது. அது என்ன என்பதையும், உலகத்தில் அதற்குக் கண்ட வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதியவர் ஒருவரின் துயரம்

எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள குடியிருப்பில் வாழும் முதியவர் ஒருவரை நாங்கள் நன்கு அறிவோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். நீரிழிவு நோயினால் அவருடைய கண்பார்வை சிறிது சிறிதாகக் குறைந்து, இப்பொழுது வெளிச்சம் இருக்கின்றதா இல்லையா என்பதை மட்டுமே அறியும் நிலையில் இருக்கின்றார்.

அவருடைய சட்டைப்பையில் மூன்று அட்டைகள் உள்ளன. ஒன்று வங்கி அட்டை. மற்றொன்று மைகாட் அடையாள அட்டை. மூன்றாவது பேருந்துக் கட்டணத்திற்கான டச் அண்ட் கோ அட்டை. மூன்றும் ஒரே அளவு, ஒரே கனம், ஒரே வழவழப்பு. ஒருநாள் கடையில் பணம் செலுத்தும்பொழுது அவர் தவறான அட்டையை நீட்டிவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தனர். கடைப்பையன் அவர் கையிலிருந்த அட்டைகள் யாவற்றையும் வாங்கி, தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்.

அதனினும் கொடியது பிறிதொரு நாள் நிகழ்ந்தது. பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் திகைத்து நின்றவர், அங்கிருந்த இளைஞன் ஒருவனிடம் அட்டைகளைக் கொடுத்து, இரகசிய எண்ணையும் சொல்லி, 100 ரிங்கிட் எடுத்துத் தருமாறு வேண்டினார். அவர் கைக்கு 100 ரிங்கிட் வந்தது. பின்னர் அவருடைய பேத்தி கணக்கைப் பார்த்தபொழுது, 300 ரிங்கிட் எடுக்கப்பட்டிருந்தது.

"பணம் போனால் போகட்டும், வாத்தியாரையா. இருட்டிலே மரம் சீவிய கை இது. எந்த அட்டை எது என்று இந்தக் கைக்கு இன்று தெரியவில்லையே!" என்று அவர் எங்களிடம் சொன்னார். அந்தச் சொல் எங்கள் நெஞ்சில் தைத்தது. அதன் பயனே இக்கட்டுரை.

அட்டைகள் ஏன் ஒன்றுபோல் உள்ளன?

வங்கி அட்டைகள் யாவும் அனைத்துலகத் தர அளவு ஒன்றினைப் பின்பற்றுகின்றன. நீளம் 85.60 மில்லிமீட்டர், அகலம் 53.98 மில்லிமீட்டர், கனம் 0.76 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் வாங்கிய அட்டையை இலண்டனில் உள்ள இயந்திரமும் ஏற்க வேண்டுமாயின், இந்த ஒற்றுமை இன்றியமையாதது. 2001ஆம் ஆண்டில் அறிமுகமான நம் நாட்டு மைகாட் அட்டையும் இதே அளவினதுதான்.

இயந்திரத்திற்கு நன்மை தருகின்ற இந்த ஒற்றுமையே, பார்வையற்றவர்க்குத் துன்பமாக முடிகின்றது. கண்ணுள்ளவர் நிறத்தையும் எழுத்தையும் பார்த்து அட்டையைப் பிரித்தறிவர். விரலுக்கோ நிறம் இல்லை.

முன்னாளில் நிலைமை சற்று வேறாக இருந்தது. பழைய அட்டைகளில் எண்களும் பெயரும் மேடாகப் புடைத்திருக்கும். கடைக்காரர் அட்டையை ஒரு சிறு பொறியில் வைத்து, அதன்மேல் கரித்தாள் சேர்ந்த சீட்டை விரித்து அழுத்தித் தேய்ப்பார். எண்கள் சீட்டில் பதிந்துவிடும். அந்தப் புடைப்பு கடைக்காரருக்காகச் செய்யப்பட்டதே ஆயினும், அட்டையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதைப் பார்வையற்றவர்களும் அதனால் அறிந்துகொண்டனர். அட்டையினுள் மின்சில்லு பதிக்கும் முறை பரவிய பின்னர், அழுத்தித் தேய்க்கும் பொறிகள் மறைந்தன. புடைத்த எண்களுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. இப்பொழுது பல அட்டைகள் சமதளமாகவே அச்சிடப்படுகின்றன. கண்ணுக்கு அழகு கூடியது. விரலுக்கு இருந்த ஒரே அடையாளமும் போயிற்று.

காசும் நோட்டும் காட்டிய வழி

காசைப் பொறுத்தவரை இவ்விடர் குறைவு. நம் நாட்டுக் காசுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். 5 காசு சிறியது. 10, 20, 50 என மதிப்பு உயர உயர அளவும் பெருகுகின்றது. கண்ணை மூடிக்கொண்டே அவற்றைப் பிரித்துவிடலாம்.

சிங்கப்பூரின் நோட்டுகளும் அவ்வாறே. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த வரிசையில் 2 வெள்ளி நோட்டு 126 மில்லிமீட்டர் நீளமும் 63 மில்லிமீட்டர் அகலமும் உடையது. 50 வெள்ளி நோட்டோ 156 மில்லிமீட்டர் நீளமும் 74 மில்லிமீட்டர் அகலமும் உடையது. இவற்றில் பார்வையற்றவர்க்கெனப் புடைப்புக் குறிகளும் இடப்பட்டுள்ளன.

மாணவச் செல்வங்களே, ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சிட்னியைச் சேர்ந்த கானர் மெக்லியோட் என்னும் சிறுவன் பார்வையற்றவன். கிறிஸ்துமஸ் திருநாளில் உறவினர் அவனுக்குப் பணம் அளித்தனர். எவ்வளவு கிடைத்தது என்பது அவனுக்கே தெரியவில்லை. பிறரைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. "இஃது ஏன் இப்படி இருக்க வேண்டும்?" என்று அவன் சிந்தித்தான். நோட்டுகளில் தொட்டறியும் குறி வேண்டுமென்று ஒரு கோரிக்கையைத் தொடங்கினான். பல்லாயிரவர் அதில் கையொப்பமிட்டனர். அந்நாட்டு மத்திய வங்கி செவிசாய்த்தது. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்த புதிய 5 டாலர் நோட்டின் நீண்ட ஓரங்களில் ஒவ்வொரு புடைப்புக் குறி இடம் பெற்றது. பின்னர் 10 டாலர் நோட்டில் இரண்டு, 20 டாலரில் மூன்று, 50 டாலரில் நான்கு, 100 டாலரில் ஐந்து என்று 2020ஆம் ஆண்டிற்குள் எல்லா நோட்டுகளிலும் குறிகள் வந்துவிட்டன. பள்ளி மாணவன் ஒருவன் எழுப்பிய வினா ஒரு நாட்டின் பணத்தையே திருத்தி அமைத்தது.

பிரெயில் எழுத்து போதாதா?

"பார்வையற்றவர்க்குப் பிரெயில் எழுத்து இருக்கின்றதே, அதனை அட்டையில் பொறித்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நல்ல வினாவே.

பிரெயில் முறையைக் கண்டவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெயில். 1809ஆம் ஆண்டில் பிறந்த அவர், தம் மூன்றாம் வயதில் தந்தையாரின் தோல் வேலைப் பட்டறையில் கூரிய கருவி கண்ணில் பட்டுப் பார்வையை இழந்தார். தம் பதினைந்தாம் வயதிலேயே, ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்துகளை அமைக்கும் முறையை உருவாக்கினார். 1829இல் அதனை நூலாக வெளியிட்டார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இவற்றில் எவை புடைத்துள்ளன என்பதைக் கொண்டு 63 வடிவங்களை ஆக்கலாம். தமிழும் இம்முறையில் எழுதப்படுகின்றது. 1ஆம் புள்ளி மட்டும் புடைத்திருந்தால் அது 'அ'. 1, 3 புடைத்திருந்தால் 'க'. 1, 3, 4 புடைத்திருந்தால் 'ம'.

இத்துணைச் சிறந்த முறையாயினும், வங்கி அட்டைக்கு அது மட்டுமே போதாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, இடம். ஒரு பிரெயில் எழுத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலம் தேவை. அட்டையின் முழு நீளத்திலும் ஒரு வரியில் 14 எழுத்துகளே அடங்கும். அட்டையின் எண்ணோ பெரும்பாலும் 16 இலக்கம். எண் என்பதை உணர்த்தும் குறியையும் சேர்த்தால் 17 ஆகின்றது. ஒரு வரிக்குள் அதுகூட அடங்காது.

இரண்டாவது, தேய்மானம். அட்டை நாள்தோறும் பையில் உராய்கின்றது. இயந்திரத்தினுள் உருளைகளுக்கிடையே அழுந்துகின்றது. நுண்ணிய புள்ளிகள் நாளடைவில் மழுங்கிவிடும்.

மூன்றாவதே தலையாயது. பார்வை இழந்தவர் எல்லாரும் பிரெயில் படிப்பவர் அல்லர். இளமையிலேயே பார்வை இழந்து, அதற்குரிய பள்ளியில் பயின்றவர்க்கே அது எளிதாகக் கைவரும். முதுமையில் பார்வை இழந்தவர்களுள் பெரும்பாலோர் அதனைக் கற்றதில்லை. நீரிழிவினால் கண்ணை இழந்தவர்க்கு வேறொரு துன்பமும் உண்டு. அந்நோய் நரம்புகளையும் தாக்குவதால் விரல் நுனியின் உணர்ச்சியே மங்கிவிடுவதுண்டு. உழைத்து உழைத்துக் காய்ப்பேறிய கைகளின் நிலையும் அத்தகையதே. நாம் மேலே குறிப்பிட்ட முதியவர் விரலால் புள்ளிகளை எண்ணிப் படிக்க இயலுமா?

ஆகவே, எழுத்தறியாத விரலுக்கும், உணர்ச்சி மங்கிய விரலுக்கும் எட்டக்கூடிய ஓர் அடையாளம் வேண்டும்.

ஓரத்தில் ஒரு வெட்டு

அந்த அடையாளம் மிக எளியது. அட்டையின் ஓரத்தில் சிறு பள்ளமாக ஒரு வெட்டு. அவ்வளவே.

சப்பான் நாட்டில் 1982ஆம் ஆண்டில் தொலைபேசி அட்டைகள் புழக்கத்திற்கு வந்தன. பின்னர் அவற்றின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டினை அமைத்தனர். முன்பணம் செலுத்திப் பெறும் பிற அட்டைகளுக்கும் இவ்வழக்கம் பரவியது. தொலைபேசி அட்டைக்கு அரைவட்டம், போக்குவரத்து அட்டைக்கு முக்கோணம், கடை அட்டைக்குச் சதுரம் என்று அந்நாட்டுத் தர விதியே வகுத்துரைத்தது.

2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மாஸ்டர்கார்டு நிறுவனம் இதே கருத்தை வங்கி அட்டைகளுக்குக் கொண்டுவந்தது. கடன் அட்டைக்குச் சதுர வடிவான வெட்டு; கணக்கிலிருந்து நேரே பணம் கழியும் பற்று அட்டைக்கு வட்ட வடிவான வெட்டு; முன்பணம் செலுத்திய அட்டைக்கு முக்கோண வடிவான வெட்டு. பிரிட்டனில் பார்வையற்றோர்க்குப் பணியாற்றும் அரச தேசியக் கழகமும், அமெரிக்காவில் நியூயார்க்கைச் சேர்ந்த விஷன்ஸ் என்னும் அமைப்பும் இவ்வடிவமைப்பை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டன. உலகில் குறைந்தது 220 கோடி மக்களுக்கு ஏதேனும் ஒருவகைப் பார்வைக் குறை உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களை எண்ணும்பொழுது இச்சிறு வெட்டின் பெருமை புலனாகும்.

வெட்டு எளியதாயினும், அதனை எங்கே வைப்பது என்பது எளிதன்று. அட்டையை முன்பக்கம் தெரியுமாறு பிடித்தால், இடப்பக்கத்தில் மின்சில்லு இருக்கின்றது. பின்பக்கத்தின் மேற்பகுதியில் நீள நெடுகக் காந்தப்பட்டை ஓடுகின்றது. தொடாமலே பணம் செலுத்தும் அட்டையாயின், அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பிச் சுருளும் உண்டு. இவற்றுள் எதனையும் வெட்டு தீண்டலாகாது. வலப்பக்கக் குறுகிய ஓரத்தின் கீழ்ப்பாதியே இவற்றிற்கு இடையூறில்லாத இடமாக எஞ்சுகின்றது.

அந்த இடத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஓர் அட்டையை நான்கு விதமாகப் பிடிக்கலாம். அவற்றுள் ஒன்றே சரியானது. வெட்டு ஓரத்தின் நடுவில் இருந்தால், அட்டையைப் புரட்டிப் பிடித்தாலும் அது மாறாமல் இருக்கும். முன்பக்கமா பின்பக்கமா என்று விளங்காது. நடுவை விட்டு ஒதுங்கி இருந்தாலோ, நான்கு நிலைகளிலும் வெட்டு நான்கு வெவ்வேறு இடங்களில் நிற்கும். வலப்பக்கம் கீழே விரலில் தட்டுப்பட்டால் அட்டை நேராக இருக்கின்றது. மின்சில்லு உள்ள முனையை அப்படியே இயந்திரத்தினுள் செலுத்தலாம். இவ்வாறு ஒரே வெட்டு, 'இஃது எந்த அட்டை' என்பதையும், 'எப்படிப் பிடிப்பது' என்பதையும் ஒருங்கே உணர்த்துகின்றது. மின்சாரமும் வேண்டா, தனிப் படிப்பும் வேண்டா.

அட்டைக்கு அப்பால்

சரியான அட்டை கைக்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? இரகசிய எண்ணையும் தாமே அழுத்த வேண்டுமே! பணம் எடுக்கும் இயந்திரத்தின் விசைப்பலகையில் 5 என்னும் எண்ணைத் தொட்டுப் பாருங்கள். அதன்மேல் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். அதனை நடுவாகக் கொண்டால், மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6 என்று மற்றவற்றைக் கண்டுகொள்ளலாம். நாள்தோறும் அவ்விடத்தைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் அப்புள்ளியின் பயனை எண்ணிப் பார்த்திருப்போம்?

செவிக்கருவி பொருத்திக்கொண்டால் பேசி வழிகாட்டும் இயந்திரமும் உண்டு. கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் 1997ஆம் ஆண்டிலேயே அத்தகைய இயந்திரம் நிறுவப்பட்டது. ஆயினும், கடைகளில் இப்பொழுது பெருகிவரும் சில கருவிகளில் விசைகளே இல்லை. வழவழப்பான கண்ணாடித் திரை மட்டுமே உள்ளது. அதன்மேல் 5 எங்கே, 0 எங்கே என்று விரல் எவ்வாறு அறியும்? ஒரு பக்கம் வழி திறக்கும்பொழுது மறுபக்கம் வழி அடைபடுகின்றது. புதிய கருவி எதனைச் செய்வோரும், செய்யத் தொடங்கும்பொழுதே பார்வையற்றவரையும் நினைவில் கொள்ளவேண்டும். பின்னர் ஒட்டுப்போடுவதைவிட முதலிலேயே நன்கு தைப்பது எளிதன்றோ?

நாம் செய்யத்தக்கவை

மாணவர்களே, வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். தடித்த தாளில் 8.6 சென்டிமீட்டர் நீளமும் 5.4 சென்டிமீட்டர் அகலமும் உடைய மூன்று அட்டைகளை நறுக்கிக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, அவற்றைக் கலைத்து, எது எது என்று சொல்ல முயலுங்கள், இயலாது. பிறகு ஒன்றில் அரைவட்டமும், ஒன்றில் சதுரமும், ஒன்றில் முக்கோணமுமாக வலப்பக்கக் கீழ் ஓரத்தில் வெட்டுங்கள். மீண்டும் முயலுங்கள். இம்முறை உங்கள் விரலே விடை கூறும். தடித்த கையுறை அணிந்தும் முயன்று பாருங்கள். காய்ப்பேறிய கையின் நிலை ஓரளவு விளங்கும்.

ஆனால் உண்மையான வங்கி அட்டையை ஒருபொழுதும் கத்தரிக்கக் கூடாது. உள்ளிருக்கும் கம்பிச் சுருள் அறுபட்டால் அட்டை பழுதாகிவிடும். அட்டையின்மேல் எதனையும் தடிப்பாக ஒட்டுவதும் தகாது. அஃது இயந்திரத்தினுள் சிக்கிக்கொள்ளக் கூடும்.

பெற்றோர்களுக்கு நாங்கள் கூறுவது இது. வீட்டில் பார்வை குன்றிய முதியவர் இருப்பின், அவருடைய அட்டைகளை வெவ்வேறு உறைகளில் இட்டுக் கொடுங்கள். வங்கி அட்டைக்குத் துணி உறை, அடையாள அட்டைக்கு வழவழப்பான பிளாஸ்டிக் உறை, பேருந்து அட்டைக்கு ஓரத்தில் முடிச்சிட்ட உறை என்று வைத்தால் விரல் எளிதில் அறியும். தொட்டறியும் அட்டை தங்களிடம் உண்டா என்று வங்கியில் கேளுங்கள். இல்லை என்று கூறினும், கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்பவர் பெருகினால் ஒருநாள் அது வந்தே தீரும். இரகசிய எண்ணை அயலாரிடம் சொல்லலாகாது என்பதை முதியவர்க்கு அன்போடு எடுத்துக் கூறுங்கள். மேலும் உதவி வேண்டுவோர், 1951ஆம் ஆண்டு முதல் பணியாற்றிவரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அணுகலாம்.

எங்கள் முதியவருக்கு அவருடைய பேத்தியே மூன்று உறைகளைத் தைத்துக் கொடுத்தாள். அவள் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் மாணவி. வங்கி அட்டையின் உறைக்குப் பாட்டியின் பழைய கைலித் துணியை அவள் எடுத்துக்கொண்டாள். சென்ற மாதம் அவர் கடைக்குச் சென்றபொழுது, பையினுள் கைவிட்டு, துணி உறையைத் தடவி, அதிலிருந்த அட்டையைத் தாமே எடுத்துக் கொடுத்தார். அட்டையை எந்தப் பக்கமாகச் செலுத்துவது என்பதைப் பேத்திதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குறையை உறையால் தீர்க்க இயலாது. அட்டையில் இடும் வெட்டினால்தான் தீர்க்க இயலும்.

பிறருக்கு உதவி செய்வது நல்லறம். ஆனால் பிறர் உதவியை எதிர்பாராமல் ஒருவர் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளுமாறு வழி அமைத்துக் கொடுப்பது அதனினும் சிறந்த அறமாகும். விரல் நுனி அளவே உள்ள ஒரு வெட்டு அவ்வறத்தைச் செய்கின்றது. இன்று இதனைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் சிலர் நாளை பொறியியலாளராகவும், வங்கி அலுவலராகவும், கருவிகளை வடிவமைப்போராகவும் விளங்குவீர்கள். அந்நாளில் ஒரு பொருளை உருவாக்குமுன், கண்ணை மூடிக்கொண்டு அதனை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இருட்டிலே உழைத்து நம்மை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்த கைகளுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.